யோசெமிட்டி தேசியப் பூங்காவில் குடும்ப முகாம்

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் குடும்ப முகாம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியெரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில், குடும்பத்தினர் சிறுவர்களுடன் கூடாரமிட்டுச் சில இரவுகள் தங்கும் பொழுதுபோக்குப் பயணம் ஆகும். பூங்காவின் எல்லைக்குள் 13 முகாம் திடல்கள் உள்ளன. ஒவ்வொரு திடலும் பல தளங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு தளத்தில் கூடாரமிட இடம், உணவு மேசை, இரும்பு வளையமிட்ட தீக்குழி, உலோகத்தாலான உணவுப் பெட்டகம் ஆகியவை இருக்கும்.

எங்கே தங்குவது, எப்போது செல்வது, என்ன உண்பது ஆகிய மூன்றும் இத்தகைய பயணத்தைத் திட்டமிடுகையில் எழும் முதன்மையான கேள்விகள். யோசெமிட்டியில் மூன்றாவது கேள்வி தனி முக்கியத்துவம் பெறுகிறது. இங்கு அமெரிக்கக் கருங்கரடிகள் வாழ்கின்றன. மனித உணவுக்குப் பழகிய கரடி மனிதரை அஞ்சாமல் நெருங்கத் தொடங்குகிறது. இறுதியில் பூங்கா நிர்வாகமே அதனைக் கொல்ல நேரிடலாம். எனவே எந்த உணவு, எவ்வளவு, இரவில் எங்கே வைப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்வது இப்பயணத் திட்டத்தின் மையமாக உள்ளது.

வரலாறு

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக அவானிச்சி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். 1851இல் மாரிப்போசா படைப்பிரிவு இப்பள்ளத்தாக்கிற்குள் நுழைந்து அவர்களை வெளியேற்ற முயன்றது. அதன் பின்னரே வெளியார் இங்கு வரத் தொடங்கினர். 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம் பள்ளத்தாக்கும் மாரிப்போசா பெருமரத் தோப்பும் பொதுப் பயன்பாட்டுக்காகக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சுற்றியுள்ள பகுதி 1890இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கும் தோப்பும் 1906இல் அதனுடன் இணைக்கப்பட்டன. 1984இல் யுனெஸ்கோ இப்பூங்காவை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது.

1899இல் டேவிட் கரி, ஜென்னி கரி ஆகிய ஆசிரியத் தம்பதியர் பள்ளத்தாக்கில் கித்தான் கூடாரங்களை அமைத்துக் குறைந்த கட்டணத்தில் வாடகைக்கு விட்டனர். வசதி குறைந்த குடும்பங்களும் இங்கு தங்குவதற்கு இது வழிவகுத்தது. 1903 மே மாதத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் தியடோர் ரோசவெல்ட், இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடன் இப்பூங்காப் பகுதியில் மூன்று இரவுகள் வெட்டவெளியில் தங்கினார். 1913இல் தானுந்துகள் பள்ளத்தாக்கிற்குள் அனுமதிக்கப்பட்டன. சமையற் பாத்திரங்களையும் கூடாரத்தையும் சொந்த வண்டியில் ஏற்றிவர முடிந்ததால் குடும்ப முகாம் விரைவில் பரவலாயிற்று.

1997 சனவரியில் மெர்செட் ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பள்ளத்தாக்கின் முகாம் திடல்களைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அப்பர் ரிவர், லோயர் ரிவர் ஆகிய இரு திடல்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. பள்ளத்தாக்கில் இடம் கிடைப்பது இன்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முகாம் திடல்கள்

பள்ளத்தாக்கில் உள்ளவை

பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு நான்கு திடல்கள் உள்ளன.

- அப்பர் பைன்ஸ்: பள்ளத்தாக்கில் உள்ளவற்றுள் மிகப் பெரியது. 200க்கும் மேற்பட்ட தளங்களைக் கொண்டது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.
- லோயர் பைன்ஸ்: மெர்செட் ஆற்றை ஒட்டி அமைந்தது.
- நார்த் பைன்ஸ்: இதுவும் ஆற்றோரத் திடல். ஆற்றங்கரைத் தளங்கள் அழகானவை எனினும், நடக்கப் பழகிய சிறு குழந்தை உள்ள குடும்பங்கள் ஆற்றிலிருந்து விலகிய தளத்தைத் தேர்வது பாதுகாப்பானது.
- கேம்ப் 4: பாறையேறுவோர் கூடும் இடமாகப் புகழ்பெற்றது. 2003இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. வண்டியை நிறுத்திவிட்டுப் பொருட்களைக் கையில் சுமந்து செல்ல வேண்டும் என்பதால், நிறைய பொருட்களுடன் வரும் குடும்பங்களுக்கு அவ்வளவாக ஏற்றதன்று.

பள்ளத்தாக்கில் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகளும் குடிநீர்க் குழாய்களும் உள்ளன. திடல்களுக்குள் குளியலறை இல்லை. கரி கிராமம் என்னும் பகுதியில் கட்டணம் செலுத்திக் குளிக்கலாம்.

பள்ளத்தாக்கிற்கு வெளியே உள்ளவை

பூங்காவின் தெற்கில் வாவோனா, மேற்கில் ஹாட்ஜ்டன் மெடோ, கிரேன் ஃபிளாட், கிளேசியர் பாயிண்ட் சாலையில் பிரைடல்வெய்ல் கிரீக் ஆகிய திடல்கள் உள்ளன. டயோகா சாலைப் பகுதியில் டாமராக் ஃபிளாட், வைட் வுல்ஃப், யோசெமிட்டி கிரீக், போர்க்குபைன் ஃபிளாட், டுவாலமி மெடோஸ் ஆகியவை அமைந்துள்ளன. இவற்றுள் டுவாலமி மெடோஸ் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய திடலாகும். சீரமைப்புப் பணிக்காக 2022 முதல் மூடப்பட்டிருந்த இது 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது.

டாமராக் ஃபிளாட், யோசெமிட்டி கிரீக், போர்க்குபைன் ஃபிளாட் ஆகிய மூன்றிலும் குழாய்க் குடிநீர் இல்லை. ஓடை நீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ பயன்படுத்த வேண்டும். முதன்முறை முகாமிடும் குடும்பங்கள் குடிநீரும் கழிப்பறையும் உள்ள திடலைத் தேர்வது நல்லது.

கூடாரம் இல்லாதோருக்கு

சொந்தமாகக் கூடாரம் இல்லாதோர் கரி கிராமத்தில் கட்டிலுடன் கூடிய கித்தான் குடில்களை வாடகைக்குப் பெறலாம். இக்குடில்களில் சமைக்க அனுமதி இல்லை. ஹவுஸ்கீப்பிங் கேம்ப் எனப்படும் இடத்தில் மூன்று பக்கம் கற்காரைச் சுவரும் ஒரு பக்கம் திரைச்சீலையும் கொண்ட தங்குமிடங்கள் உள்ளன. இங்கு சமைத்து உண்ணலாம்.

முன்பதிவு

தளங்கள் அமெரிக்கக் கூட்டரசின் ரிக்ரியேஷன்.கவ் என்னும் இணையத்தளம் வழியாக ஒதுக்கப்படுகின்றன. பெரும்பாலான பள்ளத்தாக்குத் தளங்களுக்கான முன்பதிவு, மாதத்தின் 15ஆம் நாள் பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் முன்னதாக, ஒரு மாதத் தொகுதியாகத் திறக்கப்படுகிறது. கோடைகால வார இறுதிகளுக்கான தளங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. சில திடல்களில் குறுகிய கால முன்பதிவும் குலுக்கல் முறையும் நடைமுறையில் உள்ளன. இவ்விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் ஆண்டுக்குரிய அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

இடம் கிடைக்காதோர் பின்வரும் வழிகளைக் கையாளலாம்.

- வார இறுதியைத் தவிர்த்து ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளைத் தேடுதல்.
- பிறர் கைவிட்ட முன்பதிவுகளை நாள்தோறும் இணையத்தளத்தில் பார்த்து வருதல்.
- பூங்காவைச் சுற்றியுள்ள தேசியக் காடுகளின் முகாம் திடல்களைப் பயன்படுத்துதல்.

ஒரு தளத்தில் குழந்தைகள் உட்பட அதிகபட்சம் 6 பேர் மட்டுமே தங்கலாம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செல்லும்போது இவ்வரம்பைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையும் ஒருவராகவே கணக்கிடப்படும். மே 1 முதல் செப்டம்பர் 15 வரை பூங்காவில் 14 இரவுகளுக்கு மேல் தங்க முடியாது. அவற்றுள் பள்ளத்தாக்கிலும் வாவோனாவிலும் தங்குவது 7 இரவுகளுக்கு மிகலாகாது.

பருவமும் உயரமும்

ஒரே நாளில் பூங்காவின் இரு பகுதிகளில் இரு வேறு பருவங்கள் நிலவக்கூடும். சூலையில் பள்ளத்தாக்கில் பகல் வெப்பநிலை சுமார் 32 பாகை செல்சியசும் இரவு வெப்பநிலை சுமார் 14 பாகையும் இருக்கும். அதே மாதத்தில் டுவாலமி மெடோசில் பகலில் சுமார் 22 பாகையும் இரவில் சுமார் 4 பாகையும் இருப்பது வழக்கம். பள்ளத்தாக்கை எண்ணி மெல்லிய போர்வையுடன் மேலே செல்லும் குடும்பம் இரவு முழுவதும் உறங்க இயலாது.

டயோகா சாலை பனியினால் குளிர்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். பொதுவாக மே இறுதியில் அல்லது சூனில் திறக்கப்பட்டு நவம்பர் வாக்கில் மூடப்படுகிறது. பனி மிகுந்த ஆண்டுகளில் இது மேலும் தாமதமாகும்.

கடல் மட்டத்தை ஒட்டிய சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து ஒரே நாளில் 2,600 மீட்டர் உயரத்திற்குச் செல்வோருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை ஏற்படலாம். இதனை எப்படிச் சொல்வது எனச் சிறு குழந்தைகளுக்குத் தெரியாது. உணவை மறுப்பதும் காரணமின்றி அழுவதுமே அறிகுறிகளாக இருக்கலாம். முதல் இரவைத் தாழ்வான இடத்தில் கழிப்பது உதவும். அறிகுறி மிகுந்தால் கீழே இறங்குவதே சரியான மருத்துவமாகும்.

கரடிகளும் உணவும்

பின்னணி

யோசெமிட்டியில் ஏறத்தாழ 300 முதல் 500 வரை கருங்கரடிகள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. பெயர் இவ்வாறு இருப்பினும் இவற்றுள் பல பழுப்பு நிறம் கொண்டவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குப்பைக் கிடங்குகளில் கரடிகள் உண்பதைக் காட்டும் நிகழ்ச்சிகள் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பூங்காவிலேயே நடத்தப்பட்டன. இவை 1940இல் நிறுத்தப்பட்டன. ஆயினும் மனித உணவின் சுவையறிந்த கரடிகள் முகாம் திடல்களையும் வாகனங்களையும் நாடத் தொடங்கின. தாய்க்கரடியிடமிருந்து குட்டிகளும் இப்பழக்கத்தைக் கற்றன.

1998இல் மட்டும் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. அவற்றுள் பெரும்பாலானவை வாகனக் கதவையும் கண்ணாடியையும் பிய்த்து உணவை எடுத்தவை. 1999 முதல் சிறப்பு நிதியுடன் உணவுப் பெட்டகங்கள், கரடி திறக்க இயலாத குப்பைத் தொட்டிகள், இரவு ரோந்து, பார்வையாளர் கல்வி ஆகியவை விரிவாக்கப்பட்டன. இதனால் சம்பவங்கள் பெருமளவு குறைந்தன. கரடிகளின் முடியையும் எலும்பையும் ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, அவற்றின் உணவில் மனித உணவின் பங்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அளவுக்குத் திரும்பியுள்ளதாகக் காட்டியது.

குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வொன்று 2009இல் வெளியானது. 2001 முதல் 2007 வரை யோசெமிட்டியில் கரடிகள் உடைத்த 908 வாகனங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நிறுத்தப்பட்டிருந்த எண்ணிக்கையை நோக்க மினிவேன் வகை வண்டிகளே மிகுதியாக உடைக்கப்பட்டிருந்தன. மினிவேன்களில் பெரும்பாலும் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களே பயணம் செய்கின்றன. குழந்தைகள் இருக்கைகளில் சிந்தும் தின்பண்டமும் பழச்சாறும் வண்டிக்கு நிலையான உணவு மணத்தைத் தருகின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்றாகும்.

விதிகள்

- முகாம் தளத்தில் உணவு, இரவிலும் பகலிலும், கைக்கெட்டும் தூரத்தில் கண்காணிப்பில் இல்லாதபோது பெட்டகத்தினுள் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.
- இருட்டிய பின் வாகனத்தினுள் உணவு எதுவும் இருக்கலாகாது. மூடிய தகரப்புட்டியும் வெற்றுப் பொதியும் இதில் அடங்கும்.
- கூடாரத்தினுள் எந்நேரமும் உணவு வைக்கலாகாது.
- மணமுள்ள எப்பொருளும் உணவாகவே கருதப்படும். பற்பசை, சவர்க்காரம், வெயில்காப்புக் களிம்பு, குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள், பால்புட்டி ஆகியவை பலரும் மறந்துவிடுபவை.
- குப்பையும் உணவே. அதனை உடனுக்குடன் கரடி திறக்க இயலாத தொட்டியில் இட வேண்டும்.

பெட்டகம் சுமார் 45 அங்குல அகலமும் 33 அங்குல ஆழமும் 18 அங்குல உயரமும் உடையது. ஆறு பேரின் மளிகை, ஐஸ் பெட்டி, கழிப்பறைப் பொருட்கள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். எனவே ஐஸ் பெட்டியின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பார்ப்பது பயனுள்ளது. உயரமான ஐஸ் பெட்டி பெட்டகத்தில் நுழையாமற் போவது இங்கு அடிக்கடி நேரும் சிக்கலாகும். விதியை மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படலாம். முகாம் அனுமதியும் நீக்கப்படலாம்.

கரடி வந்தால்

பூங்காவில் கரடியிடமிருந்து குறைந்தது 50 கெசம், அதாவது சுமார் 46 மீட்டர், தொலைவில் இருக்க வேண்டும். காட்டுப் பகுதியில் கண்டால் விலகி நின்று பார்க்கலாம். முகாம் திடலுக்குள் வந்தால் அனைவரும் சேர்ந்து நின்று உரத்த குரலில் கத்தியும் பாத்திரங்களைத் தட்டியும் விரட்ட வேண்டும். குழந்தைகளை நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கரடி தப்பிச் செல்ல வழி விட்டே நிற்க வேண்டும். அது ஏற்கனவே எடுத்துவிட்ட உணவைப் பறிக்க முயலலாகாது. சம்பவத்தைப் பூங்கா காவலரிடம் தெரிவிக்க வேண்டும்.

சாலையோரங்களில் சிவப்பு நிறக் கரடி உருவம் வரைந்த பலகைகள் காணப்படும். அவை வாகனம் மோதிக் கரடி அடிபட்ட இடங்களைக் குறிக்கின்றன. அங்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எளிய உணவு

தேர்வு

முகாம் உணவுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். குறைந்த பாத்திரத்தில் சமைக்க முடிய வேண்டும், மீதம் விழக்கூடாது, பெட்டகத்தில் அடங்க வேண்டும். மீதமான உணவு குப்பையாகிறது, அக்குப்பையின் மணம் கரடியை ஈர்க்கிறது. ஆகவே அளந்து கொண்டு செல்வது சிக்கனம் மட்டுமன்றிப் பாதுகாப்பும் ஆகும். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி முதலியவற்றை வேளைவாரியாக வீட்டிலேயே அளந்து தனித்தனிப் பைகளில் கட்டிப் பெயரெழுதி வைப்பது நல்ல முறையாகும்.

விரைவில் கெடும் பொருட்களை முதல் நாளிலும் கெடாதவற்றைக் கடைசி நாளிலும் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு இரவுகளுக்கான மாதிரி (நான்கு பேர்)

- முதல் நாள் இரவு: வீட்டில் சமைத்து உறைய வைத்த குழம்பு அல்லது சூப், ரொட்டி அல்லது சப்பாத்தி. சூடாக்கினால் போதும். கூடாரமிடும் களைப்பில் சமைக்கும் வேலை குறையும்.
- இரண்டாம் நாள் காலை: ஓட்ஸ் கஞ்சி அல்லது ரவை உப்புமா, பழம். ரவையை வீட்டிலேயே வறுத்துக் கடுகு தாளித்துக் கொண்டு சென்றால் கொதிநீர் மட்டுமே தேவை.
- இரண்டாம் நாள் நண்பகல்: அடுப்பில்லா உணவு. ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி, கேரட், வெள்ளரி. நடைபாதையில் உண்ண ஏற்றது.
- இரண்டாம் நாள் இரவு: ஒரே பாத்திரத்தில் அரிசி, பாசிப்பருப்பு, காய்கறி சேர்த்த பொங்கல் அல்லது கிச்சடி. மாற்றாக, தக்காளிக் குழம்பிட்ட பாஸ்தா.
- மூன்றாம் நாள் காலை: எஞ்சிய முட்டை, எஞ்சிய ரொட்டி. பெட்டகத்தைக் காலி செய்யும் வேளை இது.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி போன்று வீட்டில் செய்து எடுத்துச் செல்லத்தக்கவை பெட்டகத்தில் குறைந்த இடமே பிடிக்கும். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை வசதியானவை.

அமெரிக்கக் குடும்ப முகாம்களில் சிறுவர் விரும்பும் இனிப்பு ஸ்மோர் ஆகும். தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோவைச் சாக்லேட்டுடன் இரு கிரகாம் பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்து உண்பர். இதன் செய்முறை 1927இல் வெளியான அமெரிக்கப் பெண் சாரணர் நூலொன்றில் இடம்பெற்றது. மார்ஷ்மெல்லோ வாட்டிய குச்சியையும் கீழே சிந்திய துண்டுகளையும் உறங்கும் முன் அகற்ற வேண்டும்.

உயரமும் சமையலும்

உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. பள்ளத்தாக்கில் நீரின் கொதிநிலை சுமார் 96 பாகை செல்சியசு. டுவாலமி மெடோசில் சுமார் 91 பாகை. தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் இதற்கு மேல் சூடாகாது, எரிபொருளே வீணாகும். அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயல்வதைத் தவிர்க்கலாம். விரைவில் வேகும் பாசிப்பருப்பு, ஊறவைத்த பருப்பு, அல்லது சிறிய பிரஷர் குக்கர் ஆகியவை இதற்குத் தீர்வாகும்.

உணவுக் கேடு

சமைத்த உணவும் இறைச்சி, பால் முதலியனவும் 4 முதல் 60 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது. சுற்றுப்புற வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் இது ஒரு மணி நேரமாகக் குறையும். பள்ளத்தாக்கின் சூலைப் பகல் இவ்வெல்லையைத் தொடுகிறது. ஐஸ் பெட்டியில் பச்சை இறைச்சியை நீர் கசியாத பையிலிட்டு அடியில் வைக்க வேண்டும். குடிபானங்களுக்குத் தனிப் பெட்டி வைத்தால் உணவுப் பெட்டியை அடிக்கடி திறக்க வேண்டியிராது. ஆயினும் இரண்டு பெட்டிகளும் பெட்டகத்தில் அடங்குமா என்பதைக் கணக்கிட வேண்டும். பாத்திரம் கழுவிய நீரைத் தரையிலோ ஆற்றிலோ ஊற்றாமல் அதற்கென உள்ள வடிகாலில் ஊற்ற வேண்டும்.

தேவையான பொருட்கள்

- கூடாரம்: நான்கு பேருக்கானது என விற்கப்படும் கூடாரத்தில் நால்வர் நெருக்கியடித்தே படுக்க முடியும். பொருட்களுக்கும் இடம் வேண்டுமெனில் ஒரு படி பெரியது தேவை. வீட்டு முற்றத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தால், விடுபட்ட கம்பியும் ஆணியும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.
- உறக்கப்பை, தரைமெத்தை: தரையின் குளிர் உடலின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். உடல் எடையில் அமுங்கிய உறக்கப்பை அடிப்பக்கத்தில் வெப்பத்தைக் காக்காது. ஆகவே மேலே போர்த்துவது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் கீழே மெத்தை விரிப்பது.
- விளக்கு: ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவிளக்கு அல்லது டார்ச். குழந்தைக்கெனத் தனி விளக்கு இருந்தால் இரவில் கழிப்பறைக்குச் செல்லும் அச்சம் குறையும்.
- அடுப்பு: இரட்டை எரிவாய் கொண்ட எரிவாயு அடுப்பு, தீப்பெட்டி, மாற்று எரிவாயுக் கலன்.
- நீர்: குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர்.
- உடை: கம்பளிச் சட்டை, குல்லாய், மழையாடை, மாற்றுக் காலுறை.
- முதலுதவிப் பெட்டி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், தாளில் அச்சிட்ட வரைபடம். பூங்காவின் பல இடங்களில் கைப்பேசி இணைப்பு கிடைப்பதில்லை.

தீ

பள்ளத்தாக்கில் மே முதல் செப்டம்பர் வரை, காற்று மாசைக் குறைப்பதற்காக, மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை மட்டுமே விறகுத் தீ மூட்ட அனுமதி உண்டு. காலை உணவுக்கு விறகை நம்பியிருக்க இயலாது. எரிவாயு அடுப்பு கட்டாயமாகிறது. பள்ளத்தாக்கில் விறகு பொறுக்கத் தடை உள்ளது. தொலைவிலிருந்து கொண்டுவரும் விறகில் மரங்களை அழிக்கும் பூச்சிகள் இருக்கக்கூடும் என்பதால் அருகிலேயே வாங்க வேண்டும். உறங்கும் முன் தீயில் நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் கைக்குக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்தினுள் கொண்டு செல்வது உயிருக்கு ஆபத்தானது. எரியும் கரி, சுவாலை அணைந்த பின்னும், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வளிமத்தை வெளியிடுகிறது. உறங்குவோர் அதனை உணராமலேயே இறக்க நேரிடும்.

பிற ஆபத்துகள்

ஆறுகள்: மே, சூன் மாதங்களில் உருகிய பனிநீரால் மெர்செட் ஆறு வேகமாகவும் கடுங்குளிராகவும் ஓடும். நீந்தத் தெரிந்தவரும் இந்நீரில் விரைவில் செயலிழப்பர். அருவிகளுக்கு மேலுள்ள நீரில் ஒருபோதும் இறங்கலாகாது.

கொறித்துண்ணிகள்: 2012இல் யோசெமிட்டியில் தங்கியோரிடையே ஹாண்டா வைரசு நோய் பரவியது. பத்துப் பேர் நோயுற்றனர். அவர்களுள் மூவர் இறந்தனர். பெரும்பாலோர் கரி கிராமத்தின் இரட்டைச் சுவர்க் குடில்களில் தங்கியவர்கள். சுவர்களின் இடைவெளியில் மான் எலிகள் கூடு கட்டியிருந்தன. அக்குடில்கள் பின்னர் அகற்றப்பட்டன. எலிப் புழுக்கை காணப்பட்டால் உலர்நிலையில் பெருக்காமல் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும். சிந்திய உணவை அகற்றுவது எலிகளையும் தடுக்கும்.

பாறைச் சரிவு: 2008 அக்டோபரில் நிகழ்ந்த பாறைச் சரிவிற்குப் பின் கரி கிராமத்தின் 200க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் நிரந்தரமாக மூடப்பட்டன.

காட்டுத் தீ: 2018இல் ஃபெர்குசன் தீயினால் கோடைப் பருவத்தின் நடுவே பள்ளத்தாக்கு மூடப்பட்டது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுடன் செல்வோர் காற்றுத் தர அறிவிப்பைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

திட்டமிடலின் கால வரிசை

- ஐந்து மாதங்களுக்கு முன்: தளத்தை முன்பதிவு செய்தல்.
- ஒரு மாதத்திற்கு முன்: கூடாரத்தை விரித்துச் சோதித்தல், ஐஸ் பெட்டியை அளத்தல், இணைய இடங்களை நம்பாமல் வரைபடத்தை அச்சிடுதல்.
- ஒரு வாரத்திற்கு முன்: வேளைவாரி உணவுப் பட்டியல் எழுதுதல், வானிலை, சாலை, தீ அறிவிப்புகளைப் பார்த்தல்.
- முந்தைய நாள்: உணவைச் சமைத்து உறைய வைத்தல், வாகன இருக்கைகளையும் குழந்தை இருக்கையையும் துடைத்துத் தூய்மை செய்தல்.
- சேர்ந்தவுடன்: கூடாரமிடுவதற்கு முன்பே உணவைப் பெட்டகத்தில் வைத்தல்.
- அந்திக்கு முன்: வாகனத்தை மீண்டும் சோதித்தல்.

அந்திச் சோதனையைச் சிறுவர்களிடமே ஒப்படைப்பது நல்ல பயன் தரும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் மிட்டாயும் சட்டைப்பையில் மறந்த பிஸ்கட்டும் எங்கே இருக்கும் என்பதைப் பெரியோரைவிட அவர்களே நன்கு அறிவர். அவற்றைத் தேடி எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் சிறுவர், அவ்விரவில் ஒரு கரடியின் உயிரைக் காக்கும் பணியில் பங்கு பெறுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

- யோசெமிட்டி தேசியப் பூங்கா
- அமெரிக்கக் கருங்கரடி
- ஜான் மியூர்
- கொதிநிலை
- கார்பன் மோனாக்சைடு